பொங்கிவிட்ட பெசகா அப்பம்

இன்று காலையில் அடுக்களைக் கதவைத் திறந்ததும் புளித்த மாவின் வாடை முகத்தில் அடித்தது. நேற்று ஆட்டிய மாவை, அடுப்புச் சூடு ஆறுவதற்கு முன்பே அதன் பக்கத்தில் வைத்துவிட்டேன். மாவு பொங்கி மூடியைத் தள்ளி, சட்டியின் வயிற்றோடு வழிந்து, தரையில் சின்னக் குளமாகத் தேங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நான் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாவு பொங்கியதைப் பார்த்துப் பயப்படுகிற பெண்ணை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். இதோ ஒருத்தி இருக்கிறேன்.

போதாக்குறைக்கு, எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் அடுத்த மாதம் நான் பேசவேண்டிய பொருளும் அதுவேதான்: வேதத்தில் புளித்த மாவு. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தவள் என்ற குற்றத்துக்காக எந்தக் கூட்டம் என்றாலும் என்னைத்தான் பிடித்து நிறுத்துகிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்பும் இதே பொருளைத்தான் கொடுத்தார்கள். 'ஏற்கெனவே பேசினதுதானே, உனக்கு எளிது' என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு தடவை படித்த பாடம் இரண்டாம் தடவை எளிதாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அப்படி இல்லை. எத்தனை தடவை படிக்கிறேனோ அத்தனை தடவை பயப்படுவேன்.

நீங்களே பாருங்கள். எகிப்தை விட்டு ஓடிய ராத்திரியில் இஸ்ரவேலருக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. புளிக்காத மாவைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். அதன் நினைவாக வருஷந்தோறும் ஒரு வாரம் வீட்டில் புளித்தது எதுவும் இருக்கக்கூடாது. புளித்ததைத் தின்றவன் ஜனத்திலிருந்தே அறுந்துபோவான். பரிசேயரின் புளித்த மாவுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். பழைய புளிப்பைத் தூக்கி எறியுங்கள் என்கிறார் பவுல். சரி, புளிப்பு கெட்டது என்று முடிவு கட்டலாம் என்றால், ஒரு பெண் மாவுக்குள் ஒளித்துவைத்த கொஞ்சம் புளிப்புக்குத்தான் பரலோக ராஜ்யம் ஒப்பாயிருக்கிறது என்று அதே இயேசு சொல்லிவிடுகிறார். ஒரே பொருளை வீட்டைவிட்டுத் துரத்தவும் வேண்டும், பரலோகத்துக்கு உவமையாக வைக்கவும் வேண்டும். பள்ளியில் இதை நன்றாக எழுதி வாத்தியாரம்மாவிடம் பாராட்டுக்கூட வாங்கினேன். பயம் வந்தது அடுக்களைக்கு வந்த பிறகுதான்.

சபைகளும் ஒத்துப்போவதில்லை. எங்கள் திருவிருந்துக்கு நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருவது நன்றாக உப்பிய ரொட்டி. கடற்கரை ஊர்களில் ரோமன் சபையார் நாக்கில் வைத்ததும் கரைகிற மெல்லிய புளிப்பில்லாத அப்பம் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு வழக்கமும் உண்டு என்பதை நான் சாறாம்மா சேச்சியிடம்தான் தெரிந்துகொண்டேன். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

களியக்காவிளைக்குக் கொஞ்சம் கிழக்கே எங்கள் வீடு. வேலிக்கு அப்புறம் வாடகைக்கு இருந்தவர் மராமத்து இலாகா ஓவர்சியர் ஒருவர், கோட்டயம் பக்கத்துக்காரர். அவர் மனைவிதான் சாறாம்மா. சிரியன் கிறிஸ்தவர்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'கொச்சே' என்பாள், குழந்தையே என்று அர்த்தம். எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கும் அவள் அடுக்களைக்கும் நடுவில் வேலியில் ஒரு திறப்பு இருந்தது. என் பிள்ளை தாசுக்குப் பல் முளைக்கும்போது வயிற்றோட்டம் கண்டால் அந்தத் திறப்பு வழியாகத்தான் ஓடுவேன். 'எந்தா கொச்சே, இன்னைக்கு எந்தெல்லாம் பேடிச்சு?' என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். பேடி என்றால் பயம். இன்றைக்கு எதற்கெல்லாம் பயந்தாய் என்று, சந்தைக்குப் போய் வந்தவளிடம் என்னென்ன வாங்கினாய் என்று கேட்பதுபோலக் கேட்பாள். நானும் வரிசையாகச் சொல்வேன்.

அந்தச் சிரிப்பு ஒரு மழைக்காலத்தில் நின்றுபோயிற்று. அவளுடைய முதல் பிள்ளை, தாசுவைவிடச் சில மாதங்கள் மூத்த பையன், காய்ச்சலில் போய்விட்டான். மறுபடி வயிற்றில் ஒன்று தங்கிய பிறகும் அவள் பழையபடி ஆகவில்லை. நான் பயங்களைச் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். அவ்வளவுதான்.

பெரிய வியாழனுக்கு முந்தின வாரம் அவளே திறப்பு வழியாக வந்தாள். ஏழாம் மாதம். கையில் ஒரு பொதி.

"கொச்சே, எனக்கு ஒரு காரியம் செய்து தருமோ?"

பொதிக்குள் வறுத்த அரிசிமாவும் உளுந்தும் இருந்தன. அவர்கள் ஊரில் பெரிய வியாழன் சாயங்காலம், பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், ஒவ்வொரு வீட்டிலும் பெசகா அப்பம், அதாவது பஸ்கா அப்பம், செய்வார்களாம். அரிசிமாவு, உளுந்து, தேங்காய், உள்ளி, சீரகம் சேர்த்துப் புளிக்கவிடாமல் அவிக்க வேண்டும். மேலே குருத்தோலையில் ஒரு குருசு, சிலுவைதான். வீட்டுத் தலைவன் ஜெபம் பண்ணி அறுத்து, மூத்தவர் முதல் இளையவர் வரை கொடுப்பார். ஆனால் அந்த வருஷத்துக்குள் மரணம் நடந்த வீட்டில் அதைச் செய்யக்கூடாது. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டார்தான் செய்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கோட்டயத்தில் என்றால் ஐந்தாறு வீட்டிலிருந்து வந்துவிடும். இங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

போகும்போது தயங்கி நின்று இன்னொன்றும் சொன்னாள். அப்பம் தட்டையாக வரவேண்டும், பொங்கக்கூடாது, வெடிக்கக்கூடாது. வெடித்தால் அந்த வீட்டுக்கு நல்லதல்ல என்று அவள் அம்மச்சி சொல்வாளாம். தான் அதையெல்லாம் நம்புகிறவள் அல்ல என்று சேர்த்துக்கொண்டாள். சொல்லும்போது அவள் கை வயிற்றின் மேல் இருந்தது.

என் மாமியாருக்கு இது தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. மிஷன் சபையில் பிறந்து வளர்ந்தவள் என்ற பெருமை அவளுக்கு நிறைய உண்டு. இதெல்லாம் வேதத்தில் இல்லாத சடங்கு என்று முதலில் சொன்னாள். அது சரிதான் என்று நானும் யோசிக்கத் தொடங்கியபோது உண்மையான காரணம் வெளியே வந்தது.

"மரிச்ச வீட்டு அப்பத்த நம்ம அடுப்பிலயாட்டி வேவிக்கப்போற? ஒனக்க மடியிலயும் ஒரு ஆம்பளப்பிள்ள கெடக்கு, கேட்டியா."

வேதத்தில் இல்லை என்று சொன்ன வாய்தான். ஆனால் அவள் சொன்னது என் எலும்புக்குள் போய்விட்டது. சங்கத்தில் பேசுவதற்காக அந்த வாரம் முழுவதும் நான் படித்துக்கொண்டிருந்தது எதை? புளிப்பில்லாத அப்பம் தின்ற அந்த ராத்திரியில் எகிப்தில் வீட்டுக்கு வீடு தலைப்பிள்ளைகள் செத்ததை. சாறாம்மாவின் தலைப்பிள்ளை போயாயிற்று. என் தலைப்பிள்ளை கொடியில் காய்ந்த துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறான். செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம். வீட்டுக்காரரிடம் கேட்டேன். அரிசியும் உளுந்தும் தேங்காயும்தானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தப் போய்விட்டார். ஆண்களுக்கு மாவு என்பது மாவுதான்.

செய்வதென்று முடிவெடுத்த பிறகு, எதிலும் குறை வரக்கூடாது என்கிற வியாதி என்னைப் பிடித்தது. அந்தக் காலத்து யூதர்கள் வீட்டில் புளிப்பைத் தேடித் துடைத்ததுபோல நானும் தேடினேன். ஆட்டுக்கல்லைத் தேங்காய்ச் சவுரி நாரால் தேய்த்து வெந்நீர் ஊற்றினேன். உரலிடுக்கில் ஈர்க்கு விட்டுத் துழாவினேன். புதுச்சட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் ஆப்பத்துக்குக் கள் ஊற்றுவதில்லை, சபைக்கு ஆகாது. முந்தின நாள் மாவில் ஒரு கை எடுத்துவைத்துத்தான் அடுத்த மாவைப் புளிக்கவைப்போம். மாமியார் எத்தனையோ காலமாக விடாமல் காப்பாற்றிவந்த அந்தப் பழைய மாவைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டுபோய்த் தென்னை மரத்து மூட்டில் கொட்டினேன்.

"எனக்க மாவ எங்கட்டி?" என்று கேட்டாள் மாமியார், சின்னக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருப்பதைப் பார்த்து.

பழைய புளிப்பைக் கழிக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்றேன்.

"பவுலு வந்து நாளைக்கு ஆப்பம் சுட்டுத் தருவாரா?"

வியாழக்கிழமை. ஓவர்சியர் சாயங்காலம் ஆராதனை முடிந்து வந்ததும் ஜெபம். அதற்கு அப்பம் தயாராக இருக்கவேண்டும். நாலு மணிக்கு ஆட்டி உடனே அவித்தால் போதும் என்றுதான் சாறாம்மா சொல்லியிருந்தாள். எனக்குப் பொறுக்குமா? கடைசி நேரத்தில் உளுந்து ஊறவில்லை, விறகு ஈரம், பிள்ளை அழுகிறான் என்று ஏதாவது வந்துவிட்டால்? காலையிலேயே ஆட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக் கரைத்து, புதுச்சட்டியில் ஊற்றி மூடி வைத்துவிட்டேன். புளிப்பைத்தான் வீட்டைவிட்டே வெளியேற்றியாயிற்றே, இனி எங்கிருந்து வரப்போகிறது என்ற எண்ணம். அவர்கள் ஓட்டமாக ஓடியதால்தான் மாவு புளிக்கவில்லை என்பதை வாரம் முழுவதும் படித்திருந்தேன். அவசரம்தான் அந்த அப்பத்தின் பொருள். படித்தது ஒன்று, செய்தது ஒன்று. முன்கூட்டியே மாவு கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மத்தியானம் வேலிக்கு அப்புறமிருந்து ஒரு முனகல் கேட்டது. போய்ப் பார்த்தால் சாறாம்மா அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை. இடுப்பைச் சுற்றி வலி என்றாள். ஏழாம் மாதத்தில் வலி. எப்படியோ தாங்கிப்பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தேன். மாமியாரைக் கூப்பிட்டேன், அவள்தான் ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூட்டி வந்தாள். நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, அசையாமல் படுத்திருக்கட்டும், ரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கடைசி வார்த்தையை எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்கள்! சாறாம்மா என் கையை விடவில்லை. ஒவ்வொரு தடவை வலி எழும்பும்போதும் அவள் விரல்கள் இறுகும். நான் ஜெபம் பண்ண வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதோடு நின்றுவிடும்.

வெயில் சாய்ந்த பிறகு வலி மெல்லக் குறைந்தது. அவள் கண்ணயர்ந்தாள். அப்போதுதான் எனக்கு மாவின் நினைவு வந்தது.

சட்டியைத் திறந்தேன். சித்திரைக்கு முந்தின வெக்கையில் அது தன் வேலையைப் பார்த்துவிட்டிருந்தது. மேலெல்லாம் குமிழ். விரலை வைத்தால் 'புஸ்' என்று அமர்ந்தது. புளிப்பு வாடை. யாரும் எதையும் சேர்க்கவில்லை. துடைத்த கல், புதுச்சட்டி, கழுவிய கை. அது எங்கிருந்து வந்தது?

இன்னொரு தடவை செய்ய வறுத்த மாவு இல்லை, நேரமும் இல்லை. தட்டில் ஊற்றி, குருத்தோலைக் குருசை வைத்து, அவிக்கிற கொப்பரையில் ஏற்றினேன். நன்றாக மூடி வைத்தால் அடங்கிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான ஆசை. இறக்கியபோது அப்பம் நடுவில் கும்மாச்சியாக எழும்பி, குறுக்கே பிளந்திருந்தது. குருசு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தாள். கேலி பேசுவாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "அத அவளுக்குக் காட்டாண்டாம், மக்களே. கைதவறி விழுந்துட்டுன்னு சொல்லிருவோம். நோவு எடுத்துக் கெடக்கியவ," என்றாள்.

அவள் என்னை 'மக்களே' என்று, மகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டதே எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது. விழுந்துவிட்டது என்று சொல்லலாமா? அப்பம் விழுவது அதைவிடக் கெட்ட சகுனமாக இருந்துவிட்டால்? ஒன்றுமே கொண்டுபோகாவிட்டால், மரணம் நடந்த வீட்டுக்கு ஒரு அப்பம் கொடுக்கக்கூட ஆளில்லை என்றாகிவிடாதா? கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தைரியத்தினால் அல்ல. ஓவர்சியர் வந்துவிட்ட சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

விளக்கு ஏற்றியிருந்தார்கள். சாறாம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஓவர்சியர் ஆராதனைக்குப் போன வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் நின்றார். நான் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"மாவு பொங்கிப்போச்சு சேச்சி. அப்பம் வெடிச்சிட்டு. நீங்க இதத் தின்னாண்டாம்."

அவள் கையை நீட்டினாள். கொண்டுபோய்க் காட்டினேன். விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொல்லி வெகுநேரம் அந்தப் பிளவைப் பார்த்தாள். மற்றக் கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். அதுவரை பயப்படுகிறவள் நான் ஒருத்திதான், அவள் கேட்டுச் சிரிக்கிறவள் என்று நினைத்திருந்தேன்.

"போன வருஷம் ஒரு கீறல் இல்லாத அப்பமாக்கும் நான் அவிச்சது," என்றாள் மெதுவாக. "மோனெ மடியில வச்சிட்டுத் தின்னேன். என்னிட்டு, என்ன ஆச்சு?"

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"என்றெ வயிறும் பொங்கித்தான் இருக்கு. அதையும் கொண்டுபோய்க் களையணுமோ?"

ஓவர்சியர் அதிகம் பேசுகிற மனிதர் அல்ல. பாலத்துக்குக் கல் எண்ணுகிறவர் என்று மாமியார் சொல்வாள். அவர் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஞாயிறுதோறும் தங்கள் கோயிலில் அச்சன், அதாவது குருவானவர், கொடுப்பது புளித்த அப்பம்தானே என்றார். உயிர்த்தவருடைய சரீரம் என்பதால் அதில் புளிப்பு வேண்டும், புளிப்பில்லாத மாவு உயிரில்லாதது என்றுதான் அவர்கள் சபையில் சொல்வார்களாம். பழைய மாவில் கொஞ்சம் எடுத்துவைத்துத்தான் அங்கும் புளிக்கவைப்பார்களாம். என் மாமியாரின் கிண்ணத்தைப் போல. சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தார். அவர் நம்பித்தான் சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சரிந்த குருசை நிமிர்த்தி வைத்து, ஜெபம் பண்ணி, அறுத்தார். எனக்கும் ஒரு துண்டு தந்தார். சாறாம்மா இரண்டு துண்டு தின்றாள். ஒன்று தனக்கு, ஒன்று இளையவருக்கு என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேளுங்கள். வேலிக்கு அப்புறம் ஒரு பாத்திரம் உருண்டால்கூட ஓடுவேன். ஆறிப்போன சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, நான் காலையிலேயே ஆட்டியிராவிட்டால் என்று யோசிப்பேன். மாமியார் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் போதகர், மிஷனரிமார், வியாதியஸ்தர் எல்லாரையும் சொல்லி முடித்த பிறகு, 'பக்கத்து வீட்டுச் சிரியன்காரிக்கும் நல்ல புத்தியையும் சுகப்பிரசவத்தையும் கொடும்' என்று தினமும் சேர்க்கத் தொடங்கினாள். நல்ல புத்தி முதலில்.

சங்கத்தில் பேசவேண்டிய நாளும் வந்தது. எழுதிக்கொண்டு போனதையெல்லாம் ஒழுங்காக வாசித்தேன். எகிப்து, பரிசேயர், பவுல். பரலோக ராஜ்யத்து உவமைக்கு வந்ததும் தாளை இறக்கிவிட்டேன். அந்தப் பெண் மாவில் புளிப்பை ஒளித்துவைத்தாள் என்று இருக்கிறது. மாவு முழுவதும் பொங்கும்வரை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுதவில்லை. என்னைப்போல நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்திருப்பாள் என்றுதான் தோன்றியது. அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

மழை பிடித்த மாதத்தில் சாறாம்மாவை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கொட்டுகிற மழையில் ஓவர்சியர் குடைகூட இல்லாமல் திறப்பு வழியாக வந்து எங்கள் கிணற்றடியில் நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டே நின்றார். என் உயிர் போய்விட்டது. பிறகு, "பெண்பிள்ளை," என்றார். "நல்லா கரையுது." கரைவது என்றால் அவர்கள் பேச்சில் அழுவது. நான் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைவிடச் சத்தமாக அழுதேன்.

புளிப்பு நல்லதுதான் என்று அன்றைக்கு முடிவு கட்டியிருக்கலாம். கட்டவில்லை. நல்லபடி பிறந்தது அப்பத்தினால் என்றால், முந்தின பிள்ளை போனதும் அப்பத்தினால் என்றாகிவிடும். அந்த வழியில் யோசிக்கவே எனக்குப் பயம். சாறாம்மாவிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பழைய சிரிப்பைச் சிரித்தாள். "கொச்சே, பேடிக்கதுக்கு இனி ஒண்ணும் கிட்டலையோ?" என்றாள். பயப்பட உனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று. அவ்வளவு காலம் கழித்து அவள் சிரித்ததைக் கேட்டு, நான் சொன்னதே மறந்துபோயிற்று.

இந்த நவம்பரில் நாங்கள் மலையாள ராஜ்யத்தை விட்டு இந்தப் பக்கத்துத் தமிழ் ராஜ்யத்தோடு சேர்ந்தோம். ஊரில் வெடி போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். என் வீட்டுக்காரரும் மாலை போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஓவர்சியருக்கு அந்தப் பக்கம் உத்தியோகம் என்று உத்தரவு வந்தது. லாரியில் கட்டிலையும் பெட்டியையும் ஏற்றினார்கள். பெண்பிள்ளைக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. டிரைவர் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று அடம்பிடித்தது. லாரியில் கதவு சரியாகச் சாத்துமா, பிள்ளை வெளியே சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சாறாம்மா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். வாய் திறந்தால் இருவரும் அழுதுவிடுவோம் என்றுதான் இருக்கும்.

அந்த வீட்டில் இப்போது எல்லையில் வண்டி நிறுத்திச் சோதனை போடுகிற உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கிறார்கள். தனி ஆட்கள். ஓட்டலில் சாப்பிடுகிறார்கள். நல்ல மாதிரிதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெண்கள் இருக்கிற வீடு என்று மரியாதைக்கு அவர்களே வேலித் திறப்பை முள் வைத்து அடைத்துவிட்டார்கள்.

எனக்கு இது நாலாம் மாதம். மாமியாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. காலையில் தரையில் கிடந்த மாவைத் துடைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கிணற்றடிவரை போனேன். இன்றைக்கு எதற்கெல்லாம் பயந்தேன் என்று சொல்ல நிறைய இருந்தது. வாளியில் தண்ணீர் கோரிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.